காற்றுக்கு ஃபேன் இருக்கிறதே

ஜூன் 5, வியாழன்

பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்துக் காலி மனையில் செங்கல் லாரி நிற்கிறது. எதிர்வீட்டுத் தங்கமாரியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொத்தனாரோடு கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறான். மனை அவனுடையதுதான். நாங்கள் கோவில்பட்டியில் வீடு கட்டிய காலத்திலிருந்து அது கருவேலமும் ஆடுகளுமாகக் கிடந்தது. சுண்ணாம்புக் கோடு எங்கள் பின்னறைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓடுகிறது. ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான். கையை வைத்தே பார்த்தேன்.

"என்னப்பா, எங்க செவத்துல சாஞ்சுக்கிட்டே கட்டப்போறியா?" என்றேன்.

"எங்க எல்லைக்குள்ளதான அண்ணாச்சி கட்டுதோம். பையனுக்குத் தையில கல்யாணம். மாடியோட சேத்து எடுத்திரலாம்னு பாக்கேன்."

"அங்க எங்க ஜன்னல் இருக்கே, தெரியலையா?"

"தெரியாம என்ன அண்ணாச்சி? ஜன்னல் உங்களது. இடம் என்னது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போடும்போதும் இப்படித்தான் சிரிப்பான்.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் செண்பகத்தின் கட்டில் கிடக்கிறது. மாசி மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்கு அந்த அறைதான் உலகம். ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றார்கள், ஆனால் அவள் எழுந்து நடக்கவில்லை. சர்க்கரை வேறு. கட்டிலை முன்னால் போடலாம் என்றால் கழிவறை பின்னால் இருக்கிறது, அவளைத் தூக்கி நடத்த ஆள் நான் ஒருவன்தான்.

ஜன்னல் வழியே காலி மனை, அதைத் தாண்டிப் பள்ளிக்கூட மைதானம். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டையர் ஆனாள். நான் தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜர் என்று பெயர், ஊரில் எல்லோரும் என்னை "சத்துணவு டீச்சர் வீட்டுக்காரர்" என்றுதான் சொல்வார்கள். இப்போதும் நாள் முழுக்க அந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறாள். நான் சமையலறையில் இருந்தால் கூப்பிட்டுச் சொல்வாள், "ஏங்க, பிள்ளைக இன்னைக்குக் கபடி விளையாடுதுக", "அஞ்சாங் கிளாஸ் டீச்சர் லீவு போல, ஆட்டத்தப் பாருங்க." அதைப் பிடுங்கத்தான் கயிறு பிடிக்கிறான்.

ஜூன் 6, வெள்ளி

தங்கமாரியப்பன் மனைவி பேச்சித்தாய் குழிப்பணியாரம் கொடுத்து அனுப்பியிருந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன். செண்பகத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

வக்கீல் ஞானராஜைப் போய்ப் பார்த்தேன். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ். நான் விவரம் எழுதிக்கொண்டு போன தாளை முழுதும் வாசிக்காமலே "கேஸ் இருக்கு சார்" என்றார். பிறகு வாசித்துவிட்டு, "ஆனா போடணுமான்னு யோசிக்கணும்" என்றார். டாக்டர்களும் வக்கீல்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல் ஒரு ஜன்னலை அனுபவித்து வந்தால், அதன் வழியாக வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நமக்கு உரிமை உண்டாம். பக்கத்துக்காரன் தன் இடத்தில் கட்டினாலும் அதை அடைக்கக்கூடாதாம். எங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்குத் தாராளமாகச் சரியாக வருகிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம் என்று காட்ட வேண்டும், கோர்ட்டிலிருந்து ஆள் வந்து பார்க்கும், பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல்.

"எத்தனை நாளாகும்?"

"நாளா? ஏழெட்டு வருஷம் இழுக்கும் சார். இடைக்காலத் தடை கிடைச்சா உங்களுக்கு லாபம், கிடைக்கலேன்னா அவருக்கு லாபம்."

ஏழெட்டு வருடம் என்று கேட்டதும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. வீடு செண்பகத்தின் பேரில் இருக்கிறது, அவள்தான் வாதி. கேஸ் முடிகிறவரை வாதி இருந்தாக வேண்டுமல்லவா.

அவர் குமாஸ்தாவிடம் சொல்லிக்கொண்டே போனார், "வெளிச்சம், காத்து, ரெண்டும் போட்டுக்கோ." நான் குறுக்கிட்டேன். "காத்துக்கு ஃபேன் இருக்கு சார். வெளிச்சந்தான் முக்கியம். அவ பார்த்துக்கிட்டே படுத்திருக்கா. அத நல்லா அழுத்தி எழுதுங்க."

"ரெண்டும் சேர்ந்துதான் சார் வரும்" என்றார். ஆனாலும் நான் சொன்னபடி வெளிச்சத்தைப் பற்றி ஒரு பத்தி அதிகமாக எழுதச் சொன்னார். நன்றாக வந்திருந்தது. வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஜூன் 14, சனி

வக்காலத்தில் செண்பகத்தின் கையெழுத்து வாங்கினேன். தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன்.

"எங்க போடணும், என் விரலப் பிடிச்சு வைங்க."

வைத்தேன். அந்தக் காலத்தில் அரிசி மூட்டை இறங்கும் ரசீதில் நின்றபடியே கையெழுத்துப் போட்டவள், இன்று கோட்டை விட்டுக் கீழே சரிந்து அடுத்த வரிக்குள் போய்விட்டாள். படுத்தே கிடந்தால் கை பழக்கம் விட்டுப் போகும்தான்.

"பேச்சித்தாய் மனசு கஷ்டப்படுமே" என்றாள்.

"அவ கஷ்டப்பட்டா உனக்கென்ன? ஜன்னல் வேணுமா வேண்டாமா?"

"ஜன்னல் வேணும்" என்றாள். உடனே சொன்னாள். அவள் எதையும் இப்படி வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணத்தின்போதுகூட, எந்தப் பட்டு வேண்டும் என்றால், "எதுன்னாலும் சரி" என்றவள்.

ஜூன் 19, வியாழன்

கேஸ் எடுத்துக்கொள்ளப்பட்டது. நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு கமிஷனரைப் போட்டிருக்கிறார்கள். கமிஷனர் என்றால் போலீஸ் இல்லை, அவரும் ஒரு வக்கீல்தான். அதுவரை கட்டடம் இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. கொத்தனார்கள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். சர்க்கரைக்காரிக்கு விரல் நுனியில் எடுத்து நாக்கில் தடவிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மகள் வடிவு திருப்பூரிலிருந்து பேத்தியின் பிறந்தநாள் படங்கள் அனுப்பியிருந்தாள். செண்பகத்தின் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன். "அப்படியே வடிவு மூக்கு" என்றாள். அது கேக் படம். பேத்தி அடுத்த படத்தில்தான் இருந்தாள். எதையோ நினைத்துக்கொண்டு எதையோ சொல்கிறாள். கண்ணாடியில் அழுக்குப் படிந்திருக்கிறது என்றாள், துடைத்துக் கொடுத்தேன்.

வடிவு போனில் கேட்டாள். "அம்மாவுக்குக் கண்ணு எப்படிப்பா இருக்கு? போன தடவை நான் வந்தப்போ எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேனே."

"கண்ணுக்கென்ன, நல்லா இருக்கு. நாள் பூரா மைதானத்தத்தான் பார்த்துக்கிட்டிருக்கா" என்றேன். இவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு பயம்.

ஜூன் 27, வெள்ளி

சத்தம் போடாமல் அறைக்குள் போனால் "யாரு?" என்கிறாள். இந்த வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். பிறகு "உங்க செருப்பச் சத்தமா போட்டுட்டு வாங்க" என்றாள்.

மாத்திரைகள் வாங்கினேன். அரைக்கிலோ அவரைக்காய்.

ஜூலை 2, புதன்

தங்கமாரியப்பன் ஞானராஜ் ஆபீஸுக்கே வந்துவிட்டான். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, மூணடி தள்ளிக் கட்டுதேன். மதினி என் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டவங்க. கேஸ வாபஸ் வாங்கிருங்க. கல்யாண வீட்ல பாதிக் கட்டடம் நிக்குதது நல்லாவா இருக்கு?"

ஞானராஜ் என்னைத் தனியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஒத்துக்கோங்க சார். கேஸ் ஜெயிக்கலாம், ஜெயிக்காமலும் போகலாம். மூணடி கையில வர்றது. எழுதி வாங்கிருவோம்."

"மூணடி தள்ளினா மைதானம் தெரியுமா?"

"தெரியாது. ஆனா அறை அடைஞ்சு போகாது."

"அப்புறம் எதுக்கு மூணடி? அவ செவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கவா?"

உள்ளே வந்து, முழுசாக விட்டால் விடட்டும், இல்லையென்றால் கோர்ட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆபீஸில் இருபத்தாறு பேர் என் பேச்சுக்கு எழுந்து நின்ற காலம் உண்டு. இன்று ஜெராக்ஸ் கடைக்காரன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜூலை 12, சனி

கமிஷனர் வந்தாள். மெர்லின் என்று சின்னப் பெண், எங்கள் வடிவைவிடச் சின்னவள். கறுப்புக் கோட்டு, கையில் அளவு டேப். ஞானராஜ் வந்தார். தங்கமாரியப்பன் தன் வக்கீலோடு வந்து, சங்கடத்தோடு வாசலிலேயே நின்றான். செண்பகம்தான் "உள்ள வாங்க தம்பி" என்று கூப்பிட்டாள்.

ஜன்னலை அளந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். நான் முன்னதாகவே திரைச்சீலையைக் கழற்றி வைத்திருந்தேன். எல்லாம் நான் நினைத்தபடிதான் போய்க்கொண்டிருந்தது.

மெர்லின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அம்மா, நீங்க சொல்றத அப்படியே எழுதிக் கோர்ட்ல கொடுப்பேன். இந்த ஜன்னல் வழியா உங்களுக்கு என்னென்ன தெரியும்?"

செண்பகம் வாயைத் திறப்பதற்குள் நான் எடுத்துக் கொடுத்தேன். "மைதானம் சொல்லு. பிள்ளைகள் சொல்லு."

"சார், அம்மா சொல்லட்டும்" என்றாள் அந்தப் பெண்.

"இது கோர்ட்டுக்குப் போறதா தாயி?"

"ஆமாம்மா."

"கோர்ட்டுக்குப் பொய் எழுதக் கூடாதுல்ல." செண்பகம் கையை நீட்டினாள். அந்தப் பெண்ணின் கை இருந்த இடம் வேறு, இவள் நீட்டிய இடம் வேறு. மெர்லின் தன் கையை நகர்த்தி அதற்குள் வைத்தாள். "எனக்குக் கண்ணு தெரியாது தாயி. தையிலேயே மங்கிருச்சு. மாசியில சுத்தமாப் போச்சு. அதான பாத்ரூம்ல விழுந்தேன்."

தங்கமாரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் துடைக்க என்ன இருக்கிறது? அந்தப் பெண் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், அவளைத் தவிர.

எல்லோரும் போனபின் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மதுரைக்கு இழுத்துட்டுப் போவீங்க. டாக்டர் முடியாதுன்னு கைய விரிச்சுட்டா உங்களுக்கு யாரு ஆறுதல் சொல்லுவா? நான் படுத்துக் கெடக்கேன்."

கோர்ட்டுக்குப் பொய் சொல்லக் கூடாது. கட்டினவனிடம் சொல்லலாம்.

ஜூலை 13, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வாடகைக் கார் எடுத்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முடியாது என்றுதான் சொன்னார்கள். நரம்பு வரை போய்விட்டதாம். திரும்பும்போது சாத்தூர் தாண்டியதும் அவள் என் முழங்காலைத் தடவிக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். நான் கையைத் தள்ளிவிட்டேன். இப்போது எழுதும்போது அந்த முழங்காலைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஞானராஜிடம் கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டேன்.

"எதுக்கு சார்? அவங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லையாங்கிறது கேஸுக்குச் சம்பந்தமே இல்ல. உரிமை வீட்டுக்கு. நாளைக்கு வேற ஆள் அந்த ரூம்ல படுப்பாங்க."

"வேற ஆளுக்காக நான் கேஸ் போடல."

"சரி, வாபஸே வாங்குவோம். அந்த மூணடியையாவது எழுதி வாங்கிட்டு வாங்குவோம். அவர் இப்பவும் தருவார். நேத்துக்கூட ஃபோன் பண்ணினார்."

"எனக்கு எவன் தயவும் வேண்டாம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சும்மா வாபஸ் வாங்கினா, இதே விஷயத்துக்குத் திரும்ப வர முடியாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும். குருட்டுக் கண்ணுக்கு எதுக்கு சார் வெளிச்சம்?"

அந்த வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

வாபஸ் மனுவில் அவள் கையெழுத்து வேண்டும். மத்தியானம் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கேட்டேன். அப்போது பள்ளிக்கூடத்திலும் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் மணிக்காகத்தான் முதல் வாயைத் தாமதிக்கிறாள் என்பதை இன்றுதான் கவனித்தேன். பிள்ளைகள் தட்டுகளைத் தட்டிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டபின்தான் வாய் திறக்கிறாள். பழக்கதோஷம்.

"கேஸ் வேண்டாம்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு."

"ஏங்க?"

"கேஸ் எதுக்குங்கிறேன்? யாருக்கு?"

"உங்களுக்குச் சரின்னா சரி" என்று விரலை நீட்டினாள். நான் பிடித்து வைத்தேன். செ எழுதி, ண் எழுதி, அப்படியே நிறுத்தினாள்.

"ஜன்னல் இருக்கும்ல?"

"ஜன்னல் எங்க போகும், நடந்தா போகும்? அங்கேயேதான் இருக்கும்" என்றேன்.

மீதியையும் எழுதினாள்.

ஜூலை 22, செவ்வாய்

வாபஸ் ஆகிவிட்டது. கூப்பிட்டு, எழுதி, அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் உட்காரக்கூட இல்லை.

ஜூலை 30, புதன்

கொத்தனார்கள் வந்துவிட்டார்கள். பேச்சித்தாய் வாசலில் நின்று, "அண்ணாச்சி, இவுக மூணடி தள்ளித்தான் கட்டணும்னு சொன்னாக. கல்யாணத்துக்கு வாற சம்பந்தகாரங்க ரூம் பெருசா வேணும்னுட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பக்கூட…" என்று இழுத்தாள். எங்களுக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சுவர் ஜன்னலின் அடிக்கட்டை வரை வந்துவிட்டது. கலவை தெறித்துச் செண்பகத்தின் போர்வையில் விழுகிறது. ஜன்னல் கதவைச் சாத்தினால் "தெறந்தே வைங்க" என்கிறாள். ஒரு கொத்தனார் எட்டிப் பார்த்து "டீச்சரா?" என்றான். சத்துணவில் அவள் கையால் சாப்பிட்டவனாம். அவள் குரலை வைத்தே அவன் அப்பா பெயரைச் சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அடுத்த கல்லை வைத்தான். அவன் என்ன செய்வான்?

ஆகஸ்ட் 20, புதன்

ஜன்னல் முழுக்கச் செங்கல். நடுவே கை போகும் அளவு இடுக்கு. அதில் சிமெண்டுப் பை ஒன்று விழுந்து கிடக்கிறது, எடுக்க முடியவில்லை.

ஃபேனை ஐந்தில் வைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

செண்பகம் காலையில் பதினோரு மணிக்கு "பிரேயர் ஆரம்பிச்சாச்சா?" என்றாள். பிரேயர் முடிந்து பிள்ளைகள் இரண்டு பாடம் படித்திருப்பார்கள். மூன்று மணிக்குச் சாப்பாடு வேண்டாம் என்றாள். இன்னும் மணி அடிக்கவில்லையாம்.

"அடிச்சாச்சும்மா. அப்பவே அடிச்சாச்சு."

"எனக்குக் கேக்கலையே."

நான் கேட்டுப் பார்த்தேன். ஃபேன் சத்தம்தான் கேட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவள் இப்போது பகலில் தூங்குகிறாள். விழித்துக்கொண்டால் மணி என்ன என்று கேட்கிறாள். "ஏங்க, பிள்ளைக…" என்று என்னைக் கூப்பிட்டு ஏதாவது சொல்வதே இல்லை. சமையலறையில் நிற்கும்போது நானே காதை அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். கபடி விளையாடுகிறார்களா, டீச்சர் லீவா, ஒன்றும் தெரியவில்லை.

எத்தனை மாதமாக அவள் எனக்குச் சொன்னதெல்லாம் காதால் பார்த்துச் சொன்னது. இதை இன்றுதான் எழுதுகிறேன். கமிஷனர் வந்துபோன அன்றே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். கோபம் பெரிதாக இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம், வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். சந்தில் பைக்குகள், ஆட்டோ, பக்கத்துப் புதுக் கட்டடத்தில் டைல்ஸ் அறுக்கும் மெஷின். "போதும், உள்ள போலாம்" என்றாள். கதவைத் தாண்டும்போது பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். சரியாக அந்தப் பக்கம்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

ஞானராஜ் ஆபீஸுக்குப் போனேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். என் முறை வந்ததும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"சார், காத்துக்குக் கேஸ் போட முடியுமா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கே ரெண்டும் சேர்த்துத்தான் சார் போட்டிருந்தோம். ரெண்டும் சேர்ந்துதான் வாபஸ் ஆச்சு."

"சத்தத்துக்கு?"

"சத்தம் வருதுன்னு கேஸ் போடலாம். சத்தம் வரலைன்னு போட முடியாது." சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் மேஜையில் இருந்த கட்டுகளை ஒழுங்குபடுத்தினார். வேண்டுமானால் இடைவெளி விடாமல் கட்டியதற்காக நகராட்சியில் மனு கொடுக்கலாம், அவர்கள் அபராதம் போட்டுவிட்டு விட்டுவிடுவார்கள், சுவர் இருக்கும் என்றார். நான் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு மனு எழுதியிருக்கிறேன். இன்று யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தங்கமாரியப்பனிடம் போய் நின்றேன். எதிர்வீட்டுப் படி ஏற எனக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்ததில்லை. அந்தச் சுவரில் எங்கள் ஜன்னலுக்கு நேரே ஒரு ஓட்டை, ஒரு சின்ன வெண்டிலேட்டர் வைக்க முடியுமா என்று கேட்டேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணாச்சி, அங்க மாடிப்படி வந்திருச்சு. மூணடி தாரேன் தாரேன்னு உங்க பின்னாலயே அலைஞ்சேனே."

ஆமாம், அலைந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. அதுதான் மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். பிரேயர் பாடினார்கள், ஒரு பையன் செருப்பு அறுந்து அழுதான், முட்டை போட்ட நாள், வரிசையில் அடிதடி. அவள் "ம்ம்" என்று கேட்டுக்கொள்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொல்லும்போது மைதானமே அறைக்குள் வரும். நான் சொன்னால் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. வாட்ச்மேன் வேறு என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான்.

அக்டோபர் 17, வெள்ளி

மாத்திரை வாங்கப் போனேன். பஜாரில் நிற்கும்போதே பிடித்துக்கொண்டது. இந்த வருடத்தின் முதல் பெரிய மழை. கரிசல் மண் நனைந்து ஊர் முழுக்க வாசம். கடைக்காரன் உட்காரச் சொன்னான், நான் நிற்கவில்லை. முதல் மழைக்குச் செண்பகம் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். படுத்த படுக்கையாக இருந்தாலும் போன சித்திரையில் கோடை மழைக்கு நீட்டினாளே.

நனைந்தபடி உள்ளே போனேன். செருப்பைச் சத்தமாகப் போட்டுக்கொண்டுதான் போனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாத்திரையைக் கையில் வைத்தேன், என் சட்டைக் கை அவள் மணிக்கட்டில் பட்டது. தடவிப் பார்த்தாள்.

"என்ன இப்பப் போய்க் குளிச்சீங்களா?"

"மழைம்மா."

"மழையா?" தலையைத் தூக்கினாள். "எப்பயிருந்து?"

ஒரு மணி நேரமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இப்பத்தான், தூத்த ஆரம்பிச்சிருக்கு" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். கம்பியைத் தாண்டியதும் செங்கல் இடித்தது. விரல்கள் செங்கல்மேல் கொஞ்ச நேரம் இருந்தன. காய்ந்த செங்கல்.

நான் போய் ஃபேனை நிறுத்தினேன். இறக்கைகள் சுற்றிச் சுற்றி நின்றன. இருவரும் மூச்சுவிடாமல் இருந்தோம்.

"ம்ம்" என்றாள் செண்பகம். "இப்பக் கேக்குதுங்க. நல்லாப் பெய்யுது."

நானும் கேட்டேன். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"ஆமா" என்றேன். "எனக்கும் கேக்குது."